கிம்ப்பில் பென்சில் ஓவியம்: மூன்று வருட அனுபவம்

எங்கள் ஊரில் புழக்கம் விட்டுப்போகும் வீட்டுச் சாமான்களைப் பற்றிய புத்தகத்துக்கு 42 படங்கள் தேவைப்பட்டன. ஓவியருக்குக் கொடுக்கப் பணமில்லை. போனில் படமெடுத்து, இலவச மென்பொருளான கிம்ப்பில் பென்சில் ஓவியமாக்கலாம் என்று இறங்கினேன்.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்து, நகலை இன்வெர்ட் செய்து (கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் திருப்பி), அதன் மோடை (கீழ் லேயரோடு கலக்கும் விதத்தை) டாட்ஜ் என்று மாற்றினால் திரை முழுக்க வெளுத்துவிடும். பயப்பட வேண்டாம். அந்த நகலுக்கு காசியன் பிளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுத்ததும் கோடுகள் எழுந்து வரும். பிளர் குறைந்தால் மெல்லிய கோடு, கூடினால் நிழலும் சேரும். 1,500 பிக்சல் அகலப் படத்துக்கு எனக்கு பிளர் அளவு 8 முதல் 12 வரை சரியாக இருந்தது. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட்டால் அது 5 அங்குலம். எங்கள் பக்கத்துக்குத் தாராளம்.

ஆனால் கிம்ப்புக்கு அம்மியும் ஒன்றுதான், அதன் பின்னால் கிடக்கும் பிளாஸ்டிக் வாளியும் ஒன்றுதான். எதை விடுவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதனால் சாமானுக்குப் பின்னால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படமெடுக்கத் தொடங்கினேன். அம்மியில் கொத்திய புள்ளிகள் காலை எட்டு மணிச் சாய்வெயிலில் ஒவ்வொன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் கல்தான். உரலை ரொம்பக் கிட்டப் போய் எடுத்தால் வாய் வீங்கிவிடும். நாலடி தள்ளி நின்று ஜூம் செய்வது நல்லது.

அப்புறம் வெளிக்கோட்டை மட்டும் மேலே புது லேயரில் கையால் இழுப்பேன். படத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். இது இல்லாவிட்டால் ஃபில்டர் போட்டது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

அச்சில்தான் அடி விழுந்தது. மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சிப் பரப்பியதில், திரையில் அழகாக இருந்த நிழலெல்லாம் கரிப்பிடித்த மாதிரி ஆனது. இப்போது லெவல்ஸில் (கறுப்பு வெள்ளை அளவைச் சரிசெய்யும் கருவி) நிழலை வெளுக்கவைத்து, பின்புலத்தைச் சுத்த வெள்ளையாக்கிய பிறகே அனுப்புகிறேன். 2025இல் வந்த கிம்ப் 3.0 பதிப்பில் பிளர் அளவைப் பிறகும் மாற்ற முடிகிறது. முன்பு முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது.

வெளிச்சம் தவறிய 11 படங்களை மறுபடி எடுக்க ஊருக்குப் போனேன். அதற்குள் இரண்டு சாமான்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அவை மட்டும் அந்த மங்கலான படத்திலிருந்தே வந்திருக்கின்றன.