200 வருஷப் பழைய பெடல் ஹார்ப் வாங்கி ஆறு வருஷம் ஆச்சு

லண்டன் பக்கம் ஒரு ஏலத்துல எரார்ட் கம்பெனி செஞ்ச பெடல் ஹார்ப் (காலால மிதிச்சு சுரம் மாத்தற பெரிய நரம்பு வாத்தியம்) ஒண்ணு 1,800 பவுண்டுக்கு எடுத்தேன், கிரீஷியன் மாடல், 43 நரம்பு, தூணோட உச்சியில சிறகு வச்ச பொண்ணுங்க உருவம், மேல தங்க ரேக்கு ஒட்டுனது. இப்ப வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது ஒண்ணுதான், நரம்பு விஷயத்துல அவசரப்படாதீங்க.

பாக்க நம்ம யாழ் மாதிரி இருந்தாலும் உள்ள இது ஒரு மெஷினு. செபாஸ்டியன் எரார்ட் 1810ல லண்டன்ல பேட்டன்ட் வாங்குன டபுள் ஆக்ஷன், அதாவது ஒரு நரம்ப ரெண்டு தடவ அரை அரை சுரமா ஏத்தற ஏற்பாடு, ஏழு சுரத்துக்கு ஏழு பெடல், ஒவ்வொரு பெடலுக்கும் மூணு படி. ஒரு படி மிதிச்சா தூணுக்குள்ள போற கம்பி இழுத்து, கழுத்துல இருக்கற ரெண்டு முள்ளு வச்ச பித்தளை வட்டு திரும்பி நரம்பைக் கவ்வும், அந்த சுரம் எல்லா ஸ்தாயிலயும் அரை சுரம் ஏறும். மொத தடவ பக்கத்துல உக்காந்து அந்த வட்டுங்க எல்லாம் ஒண்ணா திரும்பறத பாத்தப்போ அப்படியே அசந்துட்டேன்.

ஏலத்துக்காரங்க "வாசிக்கற நிலைமையில இருக்கு"ன்னு போட்டிருந்தாங்க. வீட்டுக்கு வந்து அடிப்பலகைய கழட்டுனா பெடல் ஃபெல்ட் எல்லாம் பூச்சி அரிச்சு பொடியா கொட்டுச்சு, அடிப்பெட்டி ஒரு மூலை உளுத்துப் போயிருந்துச்சு. அதை விட மோசம், முன்னாடி யாரோ இந்தக் காலத்து கான்செர்ட் ஹார்ப் நரம்ப மாட்டி வச்சிருக்காங்க, அந்த இழுவைக்கு சவுண்ட்போர்டு (நரம்போட அடி மாட்டியிருக்கற மெல்லிசான பலகை) நடுவுல வயிறு மாதிரி உப்பி விரிசல் விட்டு, கழுத்தும் லேசா முறுக்கிக்கிச்சு. பழைய எரார்டுக்கு மெல்லிசான குடல் நரம்புதான் போடணும், கனமானது போட்டா இன்னைக்கு இல்லன்னாலும் பத்து வருஷத்துல பிச்சிக்கும்.

ரிப்பேருக்கு 14 மாசம், வாங்குனத விட மூணு மடங்கு செலவு. மரத்த ஒட்டறதுக்கு ஃபெவிகால் மாதிரி எதுவும் தொடவே கூடாது, நம்ம ஆசாரிங்க காய்ச்சற வஜ்ஜிரம்தான், அப்பதான் நாளைக்கு இன்னொருத்தர் சூடு காட்டி பிரிக்க முடியும். தங்கத்த புதுசா பூசலாம்னு சொன்னாங்க, நான் வேண்டாம்னுட்டேன், தேஞ்ச இடத்துல தங்கத்துக்கு அடியில தெரியற சிவப்பு மண்ணு பூச்சுதான் எனக்கு அழகு.

நரம்பு மாட்டுனதும் ஒரே நாள்ல சுருதிக்கு ஏத்தல, ரெண்டு மாசம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி ஏ சுரம் 430 ஹெர்ட்ஸ்ல நிறுத்திட்டேன், இந்தக் காலத்து வழக்கமான 440க்கு போறதே இல்ல. சத்தம் பெருசா வராது, பெரிய ஹால்ல ஆர்கெஸ்ட்ராவோட வாசிக்கற ஆளா இருந்தா இது வேண்டாம், ஆனா ரூமுக்குள்ள அந்த நடு ஸ்தாயி நாதம் இருக்கே, புது ஹார்ப் எதுலயும் நான் கேட்டதில்ல. நரம்பு இடைவெளி குறுகல், விரல் பழக நாலு மாசம் ஆச்சு.

குளிர்காலத்துல ஹீட்டர் போட்டா காத்து காஞ்சு ராத்திரி பட்டுனு ஒரு நரம்பு அறுந்து விழும், அதனால ஈரப்பதம் 50 கிட்ட இருக்க ஹ்யூமிடிஃபையர் ஓடிட்டே இருக்கும்.

இன்னொண்ணு, பித்தளைத் தகட்டுல நம்பர் இருந்தா குறிச்சு வச்சுக்கோங்க. எரார்டோட லண்டன் விற்பனைப் பேரேடுங்க ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்ல இருக்கு, எந்த ஹார்ப் யாருக்கு எப்ப போச்சுன்னு கையால எழுதுனது. என்னோடது நம்பர்ல ஒரு இலக்கம் தேஞ்சு போச்சு, பூதக்கண்ணாடி வச்சு பாத்துட்டு இருக்கேன், அது 3ஆ 8ஆன்னு தெரிஞ்சதும் போய் பேரேட்ட பாக்கணும்.