கண்ணாடி கேசிங்கும் கோலாலம்பூர் வெக்கையும்: மூன்று வருட அனுபவம்

செந்தூலில் எங்கள் வீடு ஏழாவது மாடியில். நான் வேலை செய்யும் அறை மேற்கு பார்த்தது. மதியம் மூன்று மணிக்கு 32 டிகிரி சாதாரணம். அங்கே உட்கார்ந்துதான் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறேன்.

2022-இல் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600 பிராசசர் சிப் போட்ட கணினி வாங்கினேன். கேசிங், அதாவது கணினியின் வெளிப்பெட்டி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் விளக்கோடு மூன்று விசிறிகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறு மாதம் போனதும் தொல்லை ஆரம்பித்தது. ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்க விட்டால், விசிறிச் சத்தம் பக்கத்து அறைவரை கேட்கும், சிப்பின் வெப்பநிலை 90 டிகிரியைத் தொடும். இந்தச் சிப்புக்கு ஏஎம்டி சொல்லும் உச்சவரம்பே 90தான். அதைத் தொட்டால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். மாலையில் முடிய வேண்டிய வேலை ராத்திரிவரை இழுத்தது.

சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் கூலர் சரியில்லை என்று நினைத்தேன். கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குப் போய் 160 ரிங்கிட் கொடுத்து பெரிய டவர் கூலர் வாங்கி, சிப்பிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்தும் பேஸ்டைப் புதிதாகத் தடவி மாட்டினேன். குறைந்தது மூன்றே டிகிரி. மனசே விட்டுப் போச்சு.

அக்கா மகன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, முன்னாடி கண்ணாடியக் கழற்றிட்டு ஒரு தடவ ஓட்டிப் பாருங்க." கழற்றினோம். அதே ரெண்டர், அதே அறை. 87-இல் நின்றது 76-க்கு இறங்கியது. கண்ணாடிக்கும் விசிறிக்கும் நடுவே விரல் நுழையாத இடைவெளி. மூன்று விசிறிகளும் அந்தச் சந்து வழியாகத்தான் காற்றை இழுத்திருக்கின்றன. உள்ளே வரும் காற்றே இல்லாதபோது எவ்வளவு நல்ல கூலரானாலும் பெட்டிக்குள் சுற்றும் சூட்டுக்காற்றையே திரும்பத் திரும்பத் தன்மேல் வீசிக்கொள்ளும்.

அப்புறம் மெல்லிய டிஷ்யூ தாளைக் கிழித்துப் பின்விசிறியருகே பிடித்தேன். வெளியே பறக்க வேண்டிய தாள் கிரில்லோடு ஒட்டிக்கொண்டது! விசிறி தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. விசிறியில் எந்தப் பக்கம் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கின்றனவோ, அந்தப் பக்கம்தான் காற்று வெளியேறும். இதைத் தெரிந்துகொண்டால் போதும், யாரையும் கேட்க வேண்டாம்.

கடைசியில் முன்பக்கம் வலையாக இருக்கும் கேசிங்குக்கு மாறினேன். முன்னால் இரண்டு 140 மில்லிமீட்டர் விசிறி உள்ளே இழுக்கும், பின்னால் ஒரு 120 வெளியே தள்ளும். வெளியே போவதைவிட உள்ளே வருவது கொஞ்சம் அதிகமாக இருந்தால், காற்று வடிகட்டி வழியாகவே நுழையும். சந்துபொந்தில் தூசி புகுவது குறையும். இப்போது முழு வேலையில் 71 டிகிரி. ஒன்றரை வருடமாக அப்படியே நிற்கிறது.

யூடியூபில் 60 டிகிரி காட்டுகிறார்களே என்று குழம்ப வேண்டாம். அவர்கள் அறை 21 டிகிரியில் இருக்கும். அறைக்கும் சிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: எனக்கு 71-இல் 32 போக 39. ஏர்கோன் போட்டு அறையை 25-க்குக் கொண்டுவந்தால் சிப்பும் 64 பக்கம் வந்துவிடுகிறது.

வலை கேசிங்கின் குறை தூசிதான். அம்மா வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி போடுவார், புகைமூட்டக் காலமும் வரும். ஆறு வாரத்தில் வடிகட்டி மேல் சாம்பல் நிறத்தில் கம்பளி போலப் படிந்துவிடும். உரித்தால் ஒரே துண்டாக வருகிறது. கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுகிறேன். ஊதிச் சுத்தம் செய்யும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; கண்டபடி சுழலவிட்டால் பேரிங் கெடும்.

படங்களைக் கையாளும் கிராபிக்ஸ் கார்டு மட்டும் மதியத்தில் இன்னும் 78-ஐத் தொடுகிறது. அதற்குக் கீழே ஒரு விசிறி வைக்க இடம் இருக்கிறது. தைப்பூச வேலைகள் முடிந்ததும் மாட்டிப் பார்க்கப் போகிறேன்.