நான்காம் வகுப்புத் தேர்வு அறிக்கை: பிள்ளைக்கு ஒரு நியாயம், பள்ளிக்கு ஒரு நியாயம்

என் மகள் படிக்கும் தொடக்கப் பள்ளி, ஆண்டுதோறும் நடக்கும் தரப்படுத்தப்பட்ட தேர்வின் முடிவுகளை இந்த முறை எட்டுப் பக்க அறிக்கையாகப் பெற்றோருக்குத் தந்தது. தேர்வை நடத்துவதும் அறிக்கையைத் தயாரிப்பதும் ஒரு தனியார் நிறுவனம். பள்ளி தன் முத்திரையை வைத்து வழங்குகிறது. அதை இரண்டு வாரம் கையில் வைத்துப் படித்தேன். ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசும்போது அளந்து பேசுகிற அந்த அறிக்கை, பள்ளியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அந்தக் கவனத்தைக் கைவிட்டுவிடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கான பக்கம் உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது. சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 15 என்ற அளவுகோலில் என் மகளுக்கு வாசிப்பில் 104 கிடைத்திருக்கிறது. அந்த எண்ணைத் தனியாக நிறுத்தாமல், 100 முதல் 108 வரை ஒரு பட்டையாக வரைந்து, எந்தத் தேர்விலும் அளவீட்டுப் பிழை உண்டு என்பதையும் அவளுடைய உண்மையான திறன் அந்தப் பட்டைக்குள் எங்கும் இருக்கக்கூடும் என்பதையும் இரண்டே வரிகளில் விளக்கியிருக்கிறார்கள். எந்த வகைக் கேள்விகளில் தடுமாறினாள் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. பத்தியில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டதை எடுத்துவிடுகிறாள். சொல்லாமல் விட்டதை ஊகிக்கத்தான் திணறுகிறாள். வீட்டில் கதை படிக்கும்போது நான் கவனித்ததும் இதுவே என்பதால், தேர்வின் மீது எனக்கு மதிப்பு கூடியது.

பெர்சன்டைல் எண்ணை அச்சிட்டிருக்கும் விதம்தான் அந்தப் பக்கத்தின் குறை. 61 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதால், என் வீட்டுப் பெரியவர்கள் உட்படப் பலரும் அதை நூற்றுக்கு 61 மதிப்பெண் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 61 பேரை விட மேலே இருக்கிறாள் என்பதே அதன் பொருள். மேலும், நடுப்பகுதியில் பிள்ளைகள் நெருக்கமாகக் குவிந்திருப்பதால், 100 என்பது 104 ஆனாலே பெர்சன்டைல் 50இலிருந்து 61க்குத் தாவிவிடும். அதே நான்கு புள்ளிகள் 130க்கு மேல் கூடினால் ஏறக்குறைய ஒரு படிதான் நகரும். பட்டையைப் பெர்சன்டைலுக்கும் வரைந்திருந்தால் அது 50 முதல் 70 வரை நீண்டிருக்கும். அதைப் பார்த்திருந்தால் 61ஐ வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளையின் 66உடன் ஒப்பிடும் ஆசை யாருக்கும் வந்திருக்காது.

தேர்வு நாளைப் பற்றியும் ஒரு சொல். இது கணினியில் எழுதும் தேர்வு. சரியாக விடையளித்தால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். ஆகவே, நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் பாதிக் கேள்விகள் தவறிப்போவது இயல்பு. இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால், என் மகள் அன்று மாலை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதாக அழுதுகொண்டு வந்தாள். ஒரு வரித் தகவல் போதும், இந்த அழுகையைத் தவிர்த்திருக்கலாம்.

இனி பள்ளிக்கான பக்கம். அறிக்கையின் முகப்பே அதுதான். நான்காம் வகுப்புக் கணிதத்தில் எதிர்பார்க்கப்படும் நிலையை எட்டியவர்கள் சென்ற ஆண்டு 74 விழுக்காடு, இந்த ஆண்டு 67 விழுக்காடு என்று இரண்டு தூண்கள். இடையில் கீழ்நோக்கிய சிவப்பு அம்பு. பட்டை இல்லை, பிழை எல்லை இல்லை, எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்பதும் இல்லை. அலுவலகத்தில் கேட்டு அறிந்தேன்: சென்ற ஆண்டு 42 பேரில் 31 பேர், இந்த ஆண்டு 39 பேரில் 26 பேர். இன்னும் மூன்று பிள்ளைகள் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் சிவப்பு அம்புக்கு வேலையே இருந்திருக்காது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொரு பிள்ளை இந்தப் பருவத்தில்தான் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தது என்பதற்கெல்லாம் ஆளுக்கு இரண்டரை விழுக்காடு விலை. நாற்பது பேர் கொண்ட வகுப்பில், கற்பித்தலில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, ஏழெட்டு விழுக்காடு ஏறுவதும் இறங்குவதும் வழக்கமான ஆட்டம். போதாக்குறைக்கு, இரண்டு தூண்களிலும் இருப்பவர்கள் வெவ்வேறு பிள்ளைகள். சென்ற ஆண்டின் நான்காம் வகுப்பு இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சிக்கலும் அல்ல. பள்ளிகளின் தேர்வு முடிவுகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு தற்செயலாக அலைகின்றன என்பதைத் தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற பொருளியலாளர்கள் 2002ஆம் ஆண்டிலேயே விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். சிறிய பள்ளிகள் தரவரிசையின் உச்சியிலும் அடியிலும் மாறி மாறித் தென்படுவதற்குப் பெரும் காரணம், அங்கே எண்ணிக்கை குறைவு என்பதுதான். 1995 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தப்படும் டிம்ஸ் என்ற கணித, அறிவியல் ஆய்வு, ஒவ்வொரு பிள்ளைக்கும் மொத்தக் கேள்விகளில் ஒரு பகுதியை மட்டுமே கொடுத்து, நாட்டளவிலான சராசரியை அதன் திட்டப் பிழையோடு (அந்தச் சராசரி எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்ற அளவோடு) சேர்த்தே வெளியிடுகிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அளப்பவர்கள் பிழையை மறைக்காமல் அச்சிடும்போது, 39 பேரை அளந்தவர்களுக்கு என்ன தயக்கம்?

ஒப்பீட்டுக் குழு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதும் அறிக்கையில் இல்லை. இதைச் சில்லறைக் குறை என்று தள்ள முடியாது. 1987இல் ஜான் கேனல் என்ற அமெரிக்க மருத்துவர் விசாரித்தபோது, அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் தங்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தேசியச் சராசரிக்கு மேலே இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது வெளிப்பட்டது. அந்தச் சராசரி, பல ஆண்டுகளுக்கு முன் தேர்வு எழுதிய பழைய குழுவினுடையதாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இவற்றையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டவர், மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார்: இந்த 39 பேரில் சென்ற ஆண்டும் இங்கே படித்த 33 பேர், மூன்றாம் வகுப்பில் எங்கே இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற அட்டவணை. அதில் பெரும்பாலானோர் தங்கள் பழைய இடத்தைத் தக்கவைத்திருந்தார்கள். சிலர் முன்னேறியும் இருந்தார்கள். ஆசிரியர்களுக்கு மட்டும் அனுப்பப்படுவதாம் அந்தத் தாள். பெயர்களை நீக்கிவிட்டு அதைப் பெற்றோருக்கும் தரலாமே என்றேன். நிறுவனத்திடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைக்கான பக்கத்துக்கு ஐந்துக்கு நான்கு தருவேன், பள்ளிக்கான பக்கத்துக்கு ஒன்று. இந்த அறிக்கை கைக்கு வரும் பெற்றோர் மூன்றாம் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கலாம். முகப்பைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள் என்பதை அலுவலகத்தில் கேட்டு, அந்தத் தூண்களின் மேல் பென்சிலால் குறித்துக்கொண்டு பார்க்கலாம்.