புறக்கோட்டை கிளியரிங் சேவை: ஆவணத்தில் கெட்டி, பில்லில் கவனம் தேவை

2021இல் வெற்றுக் கொள்கலன்கள் அமெரிக்கத் துறைமுகங்களில் தேங்க, சீனாவில் பெட்டிக்குத் தட்டுப்பாடு; கப்பல் கட்டணம் பல மடங்கு எகிறியது. அந்த நெருக்கடியில் பழகிய கை, இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் இந்தக் கொழும்புப் புறக்கோட்டைக் கிளியரிங் சேவைக்காரர்களுடையது. கப்பல் வருமுன்பே இன்வொய்ஸ், பெக்கிங் லிஸ்ட், பில் ஒஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) மூன்றிலும் பொதி எண்ணிக்கையும் நிறையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் சுங்கப் பிரகடனம் போடுகிறார்கள். நிறை பிசகினால் திருத்தம் எடுக்க வேண்டும். அதற்குள் இலவச நாட்கள் முடிந்து டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஓடத் தொடங்கிவிடும். 2020 முதல் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அடிக்கடி மாறியதால் பொருளைச் சுங்கம் வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டையும் முதலிலேயே சரிபார்க்கிறார்கள்.

குறை பில்லில்தான். கியூபிக் மீற்றர் கட்டணம் மலிவாகத் தெரியும். டெலிவரி ஓடர் (சரக்கை எடுக்கும் அனுமதிச் சீட்டு) கட்டணம், பெட்டி பிரிப்புக் கூலி, களஞ்சிய வாடகை எல்லாம் பின்னால் வரும். மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். கப்பல் தாமதமா? நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.