இரவு டேட்டாவில இறக்கின எடிட்டிங் சாமான்கள்: எது தேறிச்சு, எது தேறேல்ல

முதல்லயே சொல்லிடுறன், நான் பெரிய எடிட்டர் ஒண்டும் இல்ல. கிளிநொச்சிப் பக்கம் கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எண்டு வாற ஓடரை எடுத்து வெட்டி ஒட்டிக் குடுக்கிற ஆள். லப்டொப்பில 8 ஜிபி ரேம், ரவுட்டருக்குள்ள சிம் போட்டுத்தான் நெற், மழை இருட்டிச்செண்டா சிக்னலும் போயிடும். அதால ஆராவது "மச்சான் இது ஃப்ரீ, இறக்கிப் பார்" எண்டு சொன்னா நான் முதல் கேக்கிறது எத்தினை ஜிபி எண்டுதான். காசு குடுக்காட்டியும் டேட்டாவுக்குக் குடுக்கத்தானே வேணும். பக்கேஜோட வாற இரவு டேட்டாவில, 12க்குப் பிறகு அலாரம் வைச்சு எழும்பி இறக்கினதுகளில எது பிரயோசனப்பட்டது எண்டதை மட்டும் எழுதுறன்.

முதலாவது டாவின்சி ரிசால்வ், வீடியோ எடிட் பண்ணுற சொஃப்ட்வெயார். இது ஒரு காலத்தில பெரிய பட ஸ்டூடியோக்காரர் மட்டும் வைச்சிருந்த கலர் பண்ணுற சாமான், 2009இல பிளாக்மாஜிக் எண்ட ஒஸ்ரேலியாக் கொம்பனி அதைச் செய்த கொம்பனியையே வாங்கி, பேந்து இலவசமாவும் விட்டவை. இலவச வேர்ஷன் எண்டா ஒரு மாதத்தில பூட்டுறது, வீடியோக்கு மேல பேர் அடிக்கிறது எண்டு நினைக்கவேண்டாம், அப்பிடி ஒண்டும் இல்ல, 4கே வரைக்கும் வெளிய எடுக்கலாம். காசு வேர்ஷனுக்கு மட்டும் உரிய எஃபெக்ட்டைத் தொட்டா மட்டும்தான் குறுக்கால பேர் விழும். இரவில எடுத்த வீடியோவில புள்ளி புள்ளியா வாறதை எடுக்கிற நோய்ஸ் ரிடக்ஷன் காசு வேர்ஷனுக்குள்ளதான் கிடக்கு, எங்களுக்கோ பாதி ஓடர் இரவுத் திருவிழா. என்ன செய்யிறது, லைற்றைக் கூடக் கொண்டு போறதுதான்.

இறக்கிறதுக்கே 2 ஜிபிக்கு மேல போகும். அவையே 16 ஜிபி ரேம் வேணும் எண்டுதான் சொல்லுகினம், அதுக்குள்ள எஃபெக்ட் செய்யிற ஃபியூஷன் எண்ட பகுதியைப் பாவிச்சா 32. என்ர 8இல ஓடுதா எண்டு கேட்டா ஓடுது, ஆனா மாட்டுவண்டில் மாதிரி. முதல் ரெண்டு கிழமை திட்டித் திட்டித்தான் பாவிச்சன், பிறகுதான் புரொக்சி எண்ட சங்கதி விளங்கிச்சு, அதாவது பெரிய கிளிப்புக்குப் பதிலா சின்னக் கொப்பி ஒண்டைச் செய்து வைச்சு அதில வெட்டிப்போட்டு கடைசியா எடுக்கேக்க மட்டும் ஒரிஜினலில இருந்து எடுக்கிறது. படுக்கப்போகேக்க புரொக்சி செய்ய விட்டிட்டுப் போனா விடிய வேலை தொடங்கலாம், கரண்ட் போகாட்டி. இன்னொண்டு, விண்டோஸில இலவச வேர்ஷனுக்கு சில புது கமராக்களின்ர 10 பிட் வீடியோ (நிறத்தைக் கூட நுணுக்கமாப் பதியிற வகை) ஏறாது, சத்தம் மட்டும் வரும், படம் வராது. கமரா வாடகைக்கு எடுக்கிற ஆக்கள் இதை முதலே பாத்து 8 பிட்டில எடுங்கோ. காசு வேர்ஷன் 295 டொலர், ஒருக்காக் கட்டினா காணும், மாதாமாதம் இல்ல. எங்கட காசில பாத்தா நெஞ்சு அடைக்கும், ஆனா மாதச் சந்தா கட்டி வருசக்கணக்கில இழுபடுறதோட ஒப்பிட்டா கணக்கு வேற.

நான் உண்மையில புகழ வந்தது சொஃப்ட்வெயாரை இல்ல, பிளாக்மாஜிக்காரரின்ர பயிற்சிப் பக்கத்தை. புத்தகங்களை அப்பிடியே பிடிஎஃப் ஆ போட்டு வைச்சிருக்கினம், தொடக்கக்காரருக்கு ஒண்டு, எடிட்டருக்கு ஒண்டு, கலருக்கு ஒண்டு, சவுண்டுக்கு ஒண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் பழகிப் பாக்க அதே வீடியோ ஃபைல்களும் தருவினம், அதுகள் பெரிசு, ஒவ்வொண்டா இரவில இறக்கோணும். யூடியூப்பில படிக்கலாமே எண்டு கேப்பியள். படிக்கலாம், ஆனா ஒரு சின்ன விசயத்துக்கு 20 நிமிச வீடியோ பாக்கோணும், அதில முதல் 4 நிமிசம் சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ எண்டு கதைப்பினம், அது முழுக்க என்ர டேட்டா. பிடிஎஃப் எண்டா ஒருக்கா இறக்கினாக் காணும், வயல் வரம்பில இருந்தும் ஃபோனில வாசிக்கலாம். இங்கிலிஷ்தான், ஆனா லேசான இங்கிலிஷ், எந்தப் பட்டனை அமத்தோணும் எண்டு படத்தோட கிடக்கு. எனக்கு ஓஎல்லில இங்கிலிஷுக்கு எஸ் (ஆகக் குறைஞ்ச பாஸ்) தான் வந்தது, எனக்கே விளங்குது. அதோட சொஃப்ட்வெயாரின்ர ஹெல்ப் மெனுவுக்குள்ள ஒரு முழுக் கைநூல் கிடக்கு, மூவாயிரம் பக்கத்துக்கு மேல, நெற் இல்லாமலே திறக்கும். சோதினை எழுதினா செர்ட்டிஃபிகேட்டும் தருவினம், நான் இன்னும் எழுதேல்ல.

அடுத்தது ஹான்ட்பிரேக், வீடியோ ஃபைலை வேற மாதிரி மாத்தி எடுக்கிற இலவச சொஃப்ட்வெயார். பாக்க ஒண்டும் இல்லாத சாமான், ஆனா என்ர மானத்தைக் காப்பாத்தினது இதுதான். நடந்தது என்னெண்டா ஒரு கலியாணவீட்டில ரெண்டாவது கோணத்துக்கு ஃபோனை ஸ்ரான்டில பூட்டி விட்டிருந்தன். வெட்டேக்க பாத்தா தொடக்கத்தில எல்லாம் சரி, போகப் போக சத்தம் ஒரு பக்கம் படம் ஒரு பக்கம். கெட்டிமேளம் வாற இடத்தில தவில்காரரின்ர கை மேல தூக்கி நிக்குது, சத்தம் ஏற்கெனவே கேட்டு முடிஞ்சுது. தாலி கட்டுற இடம், அதைத் திரும்ப எடுக்கவா ஏலும்? ரெண்டு நாள் மண்டையைப் பிச்சன். காரணம் பாத்தா, ஃபோன் வீடியோ எடுக்கேக்க செக்கனுக்கு ஒரே அளவு ஃபிரேம் எடுக்காது, வெளிச்சம் குறைஞ்சா, ஃபோன் சூடேறினா கூட்டிக் குறைச்சு எடுக்கும். இதுக்கு வேரியபிள் ஃபிரேம் ரேட் எண்டு பேர். மீடியாஇன்ஃபோ எண்டொரு சின்ன சொஃப்ட்வெயார், அதுவும் இலவசம், அதில ஃபைலைப் போட்டா ஃபிரேம் ரேட் மோட் எண்ட இடத்தில வேரியபிள் எண்டு காட்டிக் குடுத்திடும். ஹான்ட்பிரேக்கில வீடியோ டாபுக்குள்ள போய் ஃபிரேம் ரேட்டை 25 எண்டோ 30 எண்டோ தெரிஞ்சு, கீழ கான்ஸ்டன்ட் எண்டதை அமத்தி ஓடவிட்டா சரி, தவில்காரரின்ர கையும் சத்தமும் சேந்து வரும். இப்ப ஃபோன் கிளிப் எதுவெண்டாலும் இதுக்குள்ளால போய்த்தான் டைம்லைனுக்கு வரும். லப்டொப் கொதிக்கும், அது வேற விசயம்.

தமிழ் எழுத்துக்கு வருவம். இதுதான் எங்கட ஆக்களின்ர பெரிய தலையிடி, இங்கிலிஷ்காரர் எழுதுற ரிவியூ ஒண்டிலயும் வராது. யூனிகோட்டில "கொடியேற்றம்" எண்டு அடிச்சா சில டைட்டில் டூல்களில கொம்பு போய் க-வுக்குப் பின்னால நிக்கும், அரவு ஒரு பக்கம் தனியா நிக்கும், வாசிக்கேலாது. அதுக்குப் பயந்துதான் கன ஸ்டூடியோக்காரர் இன்னும் பாமினி எண்ட பழைய ஃபொன்ட்டை விடாமப் பிடிச்சிருக்கினம். பாமினி உடையாதுதான், ஆனா அந்த ஃபொன்ட் இல்லாத கொம்பியூட்டரில புரொஜெக்டைத் திறந்தா பொம்பிளை மாப்பிளை பேர் எல்லாம் இங்கிலிஷ் எழுத்துக் குப்பையா வரும். பிரீமியர் எண்ட அடோபியின்ர எடிட்டிங் சொஃப்ட்வெயார் பாவிக்கிற ஆக்களுக்கு வழி இருக்கு, பிரிஃபரன்ஸில கிராஃபிக்ஸுக்குள்ள போய் டெக்ஸ்ட் என்ஜினை சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன் எண்டு மாத்துங்கோ, மாத்தினாப் பிறகு புதுசா அடிக்கிற எழுத்து ஒழுங்கா வரும். நான் செய்யிறது இன்னும் லேசு. இங்க்ஸ்கேப் எண்ட இலவச சொஃப்ட்வெயாரில டைட்டிலை அடிச்சு, பின்னுக்கு ஒண்டும் இல்லாத பிஎன்ஜி படமா எடுத்து டைம்லைனில போடுறது. அதில தமிழ் உடையாது.

ஃபொன்ட்டுக்கு கூகுள் ஃபொன்ட்ஸ் பக்கத்தில தமிழ் எண்டு தெரிஞ்சு பாருங்கோ. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, காவிவனர், கட்டமரான் எண்டு கனக்கக் கிடக்கு. கட்டமரான் எண்டது எங்கட கட்டுமரம்தான், வெள்ளைக்காரன் கொண்டுபோன சொல்லு ஃபொன்ட் பேரா திரும்பி வந்திருக்கு. எல்லாம் காசு வாங்கிற வேலைக்கும் பாவிக்கலாம், ஒவ்வொண்டும் ஒரு வட்ஸப் படத்தின்ர அளவுக்குத்தான் வரும், டேட்டா போகாது. கலியாணத்துக்குப் பொருந்துற வடிவான ஃபொன்ட் மட்டும் குறைவு, அந்தக் குறை கிடக்கு.

சத்தத்துக்கு ஃப்ரீசவுண்ட் எண்ட தளம். 2005இல பார்சலோனாவில ஒரு யூனிவர்சிற்றி தொடங்கினது, மழை, கதவு, றெயில், கூட்டம் எண்டு தேடினா வரும், இறக்க எக்கவுண்ட் வேணும். ஒரு விசயம் கவனம், ஒவ்வொரு சத்தத்துக்கும் பக்கத்தில லைசென்ஸ் போட்டிருக்கும். சிசி சைபர் எண்டா என்னவும் செய்யலாம், அட்ரிபியூஷன் எண்டா எடுத்தவரின்ர பேர் போடோணும், நொன் கொமேர்ஷல் எண்டா காசு வாங்கிற ஓடருக்குத் தொடவே கூடாது. குறை என்னெண்டா சத்தம் எங்கட ஊர்ச் சத்தம் இல்ல. விடியக்காலமைச் சீனுக்குக் காகம் எண்டு தேடிப் போட்டன், வீட்டில அம்மா கேட்டிட்டு "இதென்ன காகத்துக்குத் தடிமனோ" எண்டா. அது ஐரோப்பாக் காகம். கோயில் மணி தேடினா ஜப்பான் மணி வருது. கடைசியில ஃபோனைக் கொண்டுபோய் நானே எங்கட வேலியடியில காகத்தைப் பிடிச்சன், சத்தத்தைச் சொல்லுறன்.

மியூசிக்குக்கு யூடியூப்பின்ர ஓடியோ லைப்ரரியை விட வேற இடம் நான் போறேல்ல. பேர் சொல்ல விரும்பாத ஒரு தளத்தில "ரோயல்டி ஃப்ரீ" எண்டு எடுத்துப் போட்டு, யூடியூப்பில ஏத்தின மூண்டாம் நாள் கொப்பிரைட் கிளெய்ம் வந்து, வெளிநாட்டில பாத்த சொந்தக்காரருக்கெல்லாம் நடுவில விளம்பரம் போனது. நல்லா வாங்கிக் கட்டினன்.

கடைசியா ஃபிரேம் டொட் ஐஓ. 2021இல அடோபி வாங்கினது, இலவசமா எண்டா 2 ஜிபி இடம். வெட்டின வீடியோவை ஏத்திப்போட்டு லிங்க் அனுப்பினா பாக்கிறவை எந்த இடத்தில என்ன மாத்தோணும் எண்டு அந்த செக்கனிலயே எழுதலாம். எங்களுக்கு ஓடர் தாறவையில பாதிப்பேர் கனடா, லண்டன். முந்தி வட்ஸப்பில "அந்தச் சிவப்புச் சாறி வாற இடத்துக்குப் பிறகு" எண்டு வொய்ஸ் அனுப்புவினம், சிவப்புச் சாறி முப்பது இடத்தில வரும். 2 ஜிபி காணாது எண்டதால சின்னனா அமத்தித்தான் ஏத்துறன், ஏத்துறதுக்கும் ஒரு இரவு போகுது. ஆனா போன மாதம் கனடாவில இருக்கிற ஒரு மாமிக்கு லிங்க் அனுப்பினன், முதல் நாள் ஒண்டும் விளங்கேல்ல எண்டு கோல் எடுத்தவா, ரெண்டாம் நாள் விடிய எழும்பிப் பாத்தா 41 கொமென்ட். அதில 17 "இதில என்ர கண் மூடிக் கிடக்கு, வேற இல்லையோ தம்பி". வேற இருந்தது, 15ஐ மாத்திட்டன். மிச்ச ரெண்டிலயும் எடுத்த எல்லாத்திலயும் மூடித்தான் கிடக்கு.