டாட் காமா, டாட் இன்னா: பெயர் யார் கையில் நிற்கும்?

இணையதளப் பெயரை, அதாவது டொமைனை, "வாங்கினேன்" என்று சொன்னாலும், நம் கைக்கு வருவது குத்தகை மாதிரி ஒன்றுதான். ஒரே முறையில் அதிகபட்சம் 10 ஆண்டு, பிறகு புதுப்பிக்க வேண்டும். டாட் காமுக்கு உலக அளவில் டொமைன்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதிகள், டாட் இன்னுக்கு அதை நிர்வகிக்கும் இந்திய அமைப்பான நிக்ஸியின் விதிகள். விலையை ஒப்பிடுகிறவர்கள் பலர். தகராறு விதியைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. உண்மையான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

டாட் காமுக்கு 1999-இல் வந்த யுடிஆர்பி என்ற தகராறு விதி பொருந்தும். பெயர் தன் டிரேட்மார்க்கோடு குழப்பும்படி ஒத்திருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து கெட்ட நோக்கத்தோடே பயன்படுத்துகிறீர்கள் என்று புகார்தாரர் காட்ட வேண்டும். டாட் இன்னின் தகராறு விதியான ஐஎன்டிஆர்பியிலும் முதல் இரண்டும் உண்டு. மூன்றாவதில்தான் "பதிந்தார் அல்லது பயன்படுத்துகிறார்" என்று வருகிறது. அந்த "அல்லது" சாதாரணச் சொல் இல்லை.

2012-இல் உங்கள் குடும்பப் பெயரில் ஒரு டொமைன் பதிகிறீர்கள் என்று வையுங்கள். 2018-இல் அதே பெயரில் ஒரு கம்பெனி தொடங்கி டிரேட்மார்க் எடுக்கிறது. சும்மா கிடக்கும் உங்கள் பக்கத்தில் பார்க்கிங் விளம்பரம் (தளம் இல்லாத பெயரில் தானாக வரும் விளம்பரம்) ஓடுகிறது, அதில் அந்தக் கம்பெனியின் போட்டியாளர்கள் வருகிறார்கள். டாட் காம் என்றால், பதிந்தபோது அந்த மார்க்கே இல்லாததால் புகார் பொதுவாக நிற்காது. டாட் இன் என்றால் இன்றைய பயன்பாட்டை வைத்தே பெயரைக் கேட்கலாம். "விளம்பரம் போட்டது பெயரைப் பதிந்து தந்த நிறுவனமான ரிஜிஸ்ட்ரார்தான்" என்ற பதில் எங்கேயும் அவ்வளவாக எடுபடாது.

தோற்றால்? யுடிஆர்பியில் 10 வேலை நாட்களுக்குள் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, அதன் ஆவணத்தை ரிஜிஸ்ட்ராருக்கு அனுப்பினால் பெயர் மாற்றம் நிற்கும். ஆனால் எந்த ஊர் நீதிமன்றமானாலும் ஆகாது. புகார்தாரர் தன் புகாரிலேயே ஒப்புக்கொண்ட இடத்தில் போட வேண்டும். அது ரிஜிஸ்ட்ராரின் தலைமையகம் இருக்கும் இடமாகவோ, பதிவில் உள்ள உங்கள் முகவரியாகவோ இருக்கும். டாட் இன்னில் வருவது 1996 நடுவர் சட்டப்படியான தீர்ப்பு. அதை எதிர்த்து நீதிமன்றம் போக பிரிவு 34-இன் கீழ் 3 மாதம் அவகாசம் உண்டு, காரணங்களோ குறுகியவை. மனு போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது, தடையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

காலாவதியில் டாட் காம் பரவாயில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரிஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும். புதுப்பிக்காவிட்டால் காலாவதியான 5 நாளுக்குள் இன்னொரு முறை. அதன்பின் புதுப்பிக்க 45 நாள் இருக்கிறது என்று நம்பி உட்காராதீர்கள். அது ரிஜிஸ்ட்ராருக்கான உச்சவரம்பு, உங்களுக்கான உத்தரவாதம் இல்லை. நடுவில் ஏலம் விடவும் பல ஒப்பந்தங்களில் இடம் உண்டு. பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்பு அவகாசம், கட்டணம் தனி. பிறகு 5 நாள் கழிந்ததும் யார் வேண்டுமானாலும் பதியலாம். ஐகேனின் இந்த விதிகள் டாட் இன்னைக் கட்டுப்படுத்தாது, அங்கே ரிஜிஸ்ட்ராரின் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும்.

உங்கள் விவரத்துக்குப் பதில் வேறொருவர் விவரத்தைக் காட்டும் பிரைவசி சேவை டாட் காமில் கிடைக்கும், டாட் இன்னில் அனுமதி இல்லை. மறைக்க எதுவும் இல்லாத கடைக்காரருக்கு இது குறையே அல்ல.

பெயரை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து விற்க நினைப்பவருக்கு டாட் காம்தான் பாதுகாப்பு. இந்தியாவில் நடக்கும் கடைக்கு டாட் இன் போதும், விளம்பரப் பக்கமாக மட்டும் விட்டுவைக்காதீர்கள். எதை எடுத்தாலும் இன்றே கணக்கில் நுழைந்து 'ரிஜிஸ்ட்ரன்ட்' (பெயரின் பதிவாளர் உரிமையாளர்) வரியைப் பாருங்கள். அங்கே வெப்சைட் செய்து கொடுத்தவரின் பெயரும் மின்னஞ்சலும் இருந்தால், பணம் கட்டியது நீங்களாக இருந்தாலும் ரிஜிஸ்ட்ரார் பேசப்போவது அவரோடுதான்.