பனியிலும் முகம் தெரிய வேண்டும்: ஏற்காட்டு வீட்டில் மூன்று இரவுக் கேமராக்கள்

ஏற்காட்டில் நாகலூர்ச் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டுக்குப் பின்னால் சிறு காப்பித் தோட்டமும், முன்னால் காப்பிப் பழம் காயவைக்கும் சிமெண்ட் களமும் உள்ளன. கடந்த ஆண்டு ஜனவரியில், களத்தோரம் கட்டி வைத்திருந்த இரண்டு மூட்டைகள் ஓரிரவில் காணாமற்போயின. வாசலில் 8 மெகாபிக்சல் கேமரா ஒன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலையில் அப்பாவும் நானும் பதிவைப் பார்த்தபோது, வெள்ளையாக ஓர் உருவம் களத்தைக் குறுக்கே கடந்து போவது மட்டும் தெரிந்தது. தலை எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியவில்லை. காவல் நிலையத்தில் அதைப் பொறுமையாக இரண்டு முறை பார்த்தவர், "இதுல ஆள் யாருன்னு எப்படிங்க சொல்றது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

மெகாபிக்சல் கூடினால் இரவிலும் தெளிவு கூடும் என்று நம்பித்தான் அந்தக் கேமராவை வாங்கினோம். உண்மையில் நடப்பது நேர்மாறு. பல வீட்டுக் கேமராக்களில் ஒளியைப் படமாக மாற்றும் சில்லு, அதாவது சென்சார், 1/2.8 அங்குல அளவுடையது. அந்த அளவில் 2 மெகாபிக்சல், அதாவது இருபது லட்சம் புள்ளிகள், மட்டும் அமைந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறத்தாழ 2.9 மைக்ரான் அகலம் கிடைக்கும்; அதே இடத்தில் 8 மெகாபிக்சலை அடைத்தால் அது 1.45 மைக்ரானாகக் குறைந்து, ஒரு புள்ளி வாங்கும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். பகலில் இது உறைக்காது. அமாவாசை இரவில் படம் முழுவதும் மணல் தூவியதுபோல் ஆகி, அந்த மணலை மென்பொருள் வழித்தெடுக்கும்போது முகத்தின் அடையாளங்களும் சேர்ந்தே போய்விடுகின்றன.

ஆகவே மேலும் இரண்டு கேமராக்களை வாங்கி, மூன்றையும் திண்ணையின் ஒரே உத்தரத்தில் வரிசையாகப் பொருத்தி, ஜூன் முதல் நவம்பர் வரை ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலாவது, ஏமாற்றிய அந்தப் பழைய கேமரா. அதன் லென்ஸ் எஃப் 2.0; லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைச் சொல்லும் இந்த எஃப் எண் சிறியதாக இருந்தால் ஒளி அதிகம் வரும். இரண்டாவது, அதைவிடப் பெரிய 1/1.8 அங்குலச் சென்சாரும் எஃப் 1.0 லென்ஸும் கொண்ட 4 மெகாபிக்சல் வண்ணக் கேமரா. இருட்டினால் தானே மஞ்சள் கலந்த வெள்ளை விளக்கை எரியவிடும். மூன்றாவது, குறைந்த ஒளிக்கென்றே சோனி உருவாக்கிய ஸ்டார்விஸ் வகைச் சென்சாருடன் வந்த எளிய 2 மெகாபிக்சல் கேமரா; லென்ஸ் எஃப் 1.6, கண்ணுக்குத் தெரியாத ஒளி தரும் அகச்சிவப்பு விளக்கைச் செயலி வழியே அணைத்துக்கொள்ளலாம். எஃப் எண் பாதியானால் உள்ளே வரும் ஒளி நான்கு மடங்காகும் என்பதால், பெட்டியின் மேல் முதலில் பார்க்க வேண்டிய எண்களில் அதுவும் ஒன்று.

பனியில்லாத இரவுகளில் முடிவு எளிதாகத் தெரிந்தது. அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு களத்தின் கடைசி வரை, சுமார் பத்து மீட்டர், நடந்து திரும்புவார். நான் மூன்று பதிவுகளையும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். இரண்டாவதில் சால்வையின் பச்சைக் கரை தெரிந்தது. மூன்றாவதில் நிறம் இல்லை. மூக்குக் கண்ணாடியும் முகவெட்டும் தெரிந்தன. முதலாவதில் அம்மாவின் வலது கைக்கு மூன்று நிழல்கள் இருந்தன. காரணம் ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் திறப்பு. ஒளி போதாதபோது அது தானாகவே நொடியில் மூன்றில் ஒரு பங்கு வரை திறந்திருக்க, அதற்குள் நடப்பவர் ஒன்றரை அடி நகர்ந்துவிடுகிறார். அமைப்புகளில் ஷட்டரை 1/25 நொடிக்கு மேல் நீளாமல் பூட்டியபோது நிழல்கள் போயின. படம் ஏறக்குறைய கருத்துவிட்டது. படம் எடுக்க '0.001 லக்ஸ்' வெளிச்சமே போதும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை நான் இப்போது நம்புவதில்லை. முழுநிலவின் வெளிச்சமே 0.3 லக்ஸைத் தாண்டாது. எவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைத்து அந்த எண்ணைப் பெற்றார்கள் என்று சொல்லாதவரை அதைக் கொண்டு எதையும் ஒப்பிட முடியாது.

ஏற்காட்டின் உண்மையான சோதனை பனிமூட்டம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இரவில் ஏறி வந்தவர்களுக்கு இது தெரியும்: மூட்டத்தில் ஹெட்லைட்டை ஹைபீமில் வைத்தால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்பிச் சாலையே மறைந்துவிடும், அனுபவமுள்ள ஓட்டுநர் உடனே டிம் செய்வார். லென்ஸைச் சுற்றியே விளக்குகளைப் பதித்த கேமரா ஹைபீமில் நிற்கும் வண்டியைப் போன்றது. அகச்சிவப்பு ஒளி பனியை ஊடுருவும் என்று கடைகளில் சொல்கிறார்கள்; அது தவறு. பனித்துளிகள் அந்த ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போலவே இந்த விளக்குகளின் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் சிதறடித்து லென்ஸுக்கே திருப்பிவிடுகின்றன. ஆகஸ்ட் மாதத்து மூட்ட இரவுகளில் மூன்று கேமராக்களும் விளக்கு எரிந்த நிலையில் ஒன்றுபோலத் தோற்றன.

பிறகு மூன்றாவது கேமராவின் உள்விளக்கை அணைத்துவிட்டு, தனியாக வாங்கிய அகச்சிவப்பு விளக்கொன்றை மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் சில்வர் ஓக் மரத்தில், களத்தைப் பக்கவாட்டில் பார்க்குமாறு கட்டினேன். அன்றிரவே மூட்டத்துக்குள் ஏழு மீட்டர் தொலைவில் நின்ற அப்பாவின் முகம் தெரிந்தது. இரண்டாவது கேமராவுக்கும் அதையே செய்தேன்: அதன் விளக்கை அணைத்து, களத்தின் மறுகோடியில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைத் தரையை நோக்கி எரியவிட்டேன். இந்த ஆறு மாதங்களில் கிடைத்த மிகச் சிறந்த படம் அதுதான்.

பூச்சிகளையும் சொல்ல வேண்டும். மழை விட்ட மாலையில் வண்ணக் கேமராவின் வெள்ளை விளக்கை ஈசல்கள் மொய்த்துக்கொண்டால், அடுத்த ஒரு மணி நேரப் பதிவில் சிறகுகளைத் தவிர வேறொன்றும் இராது. அகச்சிவப்புக் கேமராவின் முன்னால் சிலந்தி கட்டும் ஒற்றை இழைகூட இரவில் வெள்ளைக் கயிறாகத் தெரிந்து, அசையும் போதெல்லாம் எச்சரிக்கை மணியை எழுப்பும். விளக்கை மரத்துக்கு மாற்றிய பிறகு இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. ஆனாலும் வாரம் ஒருமுறை ஒட்டடைக் கோலோடு ஏறத்தான் வேண்டியிருக்கிறது.

வண்டியின் எண் பலகையை இந்த மூன்றில் எதுவும் இரவில் தரவில்லை. பலகை ஒளியைத் திருப்பி எறியும் வகையைச் சேர்ந்ததால், அகச்சிவப்பு பட்டவுடன் வெறும் வெள்ளைச் செவ்வகமாகிவிடுகிறது. அது தேவைப்படுவோர் வேகமான ஷட்டரில் பூட்டிய தனிக் கேமரா ஒன்றை வாயிலுக்கென்றே வைக்க வேண்டும்.

சேலம் நகருக்குள், ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி போன்ற பகுதிகளில் வீட்டு வாசலில் தெருவிளக்கு விழுகிறதென்றால், பெரிய சென்சாரும் எஃப் 1.0 லென்ஸும் உள்ள வண்ணக் கேமராவைத் தயங்காமல் வாங்கலாம். அதன் சொந்த விளக்கு எரிய வேண்டிய தேவையே வராது. மிக அருகில் வருபவர் சற்று மங்கலாகத் தெரிவது அத்தகைய லென்ஸின் இயல்பு, ஆதலால் கதவுக்கு நேர் மேலே வேண்டாம். மலையில், தெருவிளக்கில்லாத தோட்ட வீட்டுக்கு, பாதிக்கும் குறைவான விலையில் கிடைத்த 2 மெகாபிக்சல் கேமராவும் தள்ளி வைத்த அகச்சிவப்பு விளக்கும் போதும். எங்கள் களத்தில் இப்போது அந்த ஜோடிதான் வேலை செய்கிறது.

கடையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் காட்டும் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பின்னறையில் விளக்கை அணைக்கச் சொல்லி, ஒருவரைக் குறுக்கே நடக்கவிட்டு, அந்தப் பதிவை நிறுத்திப் பாருங்கள். சேலத்தில் நான் போன நான்கு கடைகளில் ஒன்றில் மட்டுமே இதற்கு ஒத்துக்கொண்டார்கள். இரண்டு கேமராக்களையும் அங்கேயே வாங்கினேன்.